'ஸ்பிரிட்' என்றால் ஆவியா, சாராயமா, பெட்ரோலா? எலப்புள்ளி அனுமதியும் ஒரு ஆங்கிலச் சொல்லின் பல அர்த்தங்களும்

பாலக்காடு பக்கம் மலையாளப் பேப்பர்களில் அடிக்கடி கண்ணில் படும் ஒரு தலைப்பு, 'ஸ்பிரிட் வேட்டை'. சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ வேலைக்குப் போன ஒருவர் அதை எழுத்துக்கூட்டிப் படித்தால், யாரோ பேய் பிடிக்கக் கிளம்பிவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றும். செய்திக்குள் போனால் எல்லைச் சோதனைச்சாவடி, ஒரு லாரி, வரிசையாக அடுக்கிய பிளாஸ்டிக் கேன்கள். அங்கே ஸ்பிரிட் என்றால் அதுதான். அதே லாரி வாளையாருக்கு இந்தப் பக்கம் பிடிபட்டிருந்தால் தமிழ்ப் பேப்பர் 'எரிசாராயம் பறிமுதல்' என்று எழுதியிருக்கும்.

ஒரே பொருளுக்கு எல்லையின் இரண்டு பக்கமும் இரண்டு பெயர் இருப்பது ஆச்சரியமில்லை. ஒரே பெயருக்குள் அரை டஜன் பொருள்கள் இருப்பதுதான் சிக்கல். குடிக்கிற சரக்கின் மூலப்பொருள், ஊசி போடுவதற்கு முன் தடவுவது, மேசைக்குப் பாலிஷ் போடுவது, பெட்ரோலில் கலப்பது, குடித்தால் கண் போய் உயிரும் போவது என எல்லாவற்றுக்கும் நாம் சொல்வது 'ஸ்பிரிட்' என்ற ஒரே வார்த்தை.

2025 ஜனவரியில் பாலக்காடு மாவட்டம் எலப்புள்ளி பஞ்சாயத்தில் இந்த வார்த்தை பெரிய அரசியல் விவகாரமாகவே ஆனது. எந்த ஸ்பிரிட், எதற்கு, எவ்வளவு என்ற கேள்விகள் அங்கே ஊர்க் கிணற்றைத் தொடும் கேள்விகள்.

எலப்புள்ளியில் என்ன நடந்தது?

எலப்புள்ளி பாலக்காடு நகருக்குக் கிழக்கே, பொள்ளாச்சி போகும் சாலையில் இருக்கும் விவசாய ஊர். நெல்லும் தென்னையும் உண்டு, பனையும் உண்டு. கடைவீதியில் தமிழும் மலையாளமும் கலந்தே காதில் விழும். கேரளா என்றதும் மனதில் வரும் மழை இங்கே இல்லை. பாலக்காட்டுக் கணவாயின் கிழக்குப் பகுதி என்பதால் சித்தூர் வரை வறண்ட பூமிதான்.

2025 ஜனவரி நடுவில் கேரள அமைச்சரவை, ஒயாசிஸ் கமர்ஷியல் பிரைவேட் லிமிடெட் என்ற நிறுவனத்துக்கு எலப்புள்ளியில் சுமார் 600 கோடி ரூபாய் திட்டம் ஒன்றுக்கு முதல்நிலை அனுமதி கொடுத்தது. செய்திகளில் இது 'ப்ரூவரி' என்று சுருங்கிப்போனது. ஆனால் அனுமதிக்கப்பட்டவற்றின் பட்டியல் நீளமானது: எத்தனால் ஆலை, பலவகை மூலப்பொருளில் ஓடும் வடிப்பாலை, இந்தியத் தயாரிப்பு அயல்நாட்டு மதுவுக்கான பாட்டில் நிரப்பும் பிரிவு, பீர் ஆலை, மால்ட் ஸ்பிரிட் ஆலை, பிராந்தி மற்றும் ஒயின் பிரிவு.

இந்தப் பட்டியலில் பீரும் ஒயினும் ஸ்பிரிட் இல்லை. பீர் என்பது நொதிக்க வைத்த பானம், வடித்தது அல்ல. அதாவது எதற்கு ஸ்பிரிட் என்ற பெயர் பொருந்தாதோ அதன் பெயரிலேயே ஊர் முழுக்கச் சண்டை நடந்தது.

அரசுத் தரப்பின் வாதம், கேரளாவுக்குத் தேவையான ஸ்பிரிட் முழுக்க வெளி மாநிலங்களிலிருந்து வருகிறது, அதை உள்ளூரிலேயே தயாரித்தால் வேலையும் வரியும் இங்கேயே நிற்கும் என்பது. 2023–24 மதுக் கொள்கையிலேயே இதைச் சொல்லிவிட்டோம் என்றார் அப்போதைய கலால் துறை அமைச்சர் எம்.பி. ராஜேஷ். எதிர்த்தவர்கள் கேட்டது வேறு: தண்ணீர் எங்கிருந்து வரும்? தங்களைக் கேட்கவே இல்லை என்றது பஞ்சாயத்து. ஆளும் கூட்டணிக்குள்ளேயே இந்திய கம்யூனிஸ்ட் கட்சி எதிர்ப்புத் தெரிவித்தது. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது.

எலப்புள்ளிக்கு இது புதுசும் இல்லை. 2018-லும் இதே ஊரில் வேறொரு நிறுவனத்துக்கு பீர் ஆலை அனுமதி கொடுக்கப்பட்டு, சர்ச்சை கிளம்பியதும் அந்த ஆண்டு அக்டோபரில் மாநிலத்தின் மற்ற சில அனுமதிகளோடு சேர்த்து ரத்து செய்யப்பட்டது.

சொல் எங்கிருந்து வந்தது?

லத்தீனில் 'ஸ்பிரிட்டுஸ்' என்றால் மூச்சு. ஆங்கிலத்தில் இன்ஸ்பயர், எக்ஸ்பயர், பெர்ஸ்பயர் எல்லாம் இதே வேரில் கிளைத்தவை. உங்கள் ஆபீஸில் ஒருவர் 'இன்ஸ்பயர்' ஆவதும், ஃபிரிட்ஜில் தயிர் 'எக்ஸ்பயரி' ஆவதும் ஒரே மூச்சுதான். ஒன்றில் உள்ளே போகிறது, இன்னொன்றில் வெளியே போகிறது.

மூச்சிலிருந்து உயிர், உயிரிலிருந்து ஆன்மா, உடம்பை விட்டுப் போனால் பேய். இதுவரை எல்லா மொழியிலும் நடக்கிற கதைதான். சாராயம் எப்படி உள்ளே வந்தது? பழைய ரசவாதிகள் திராவகத்தைச் சூடாக்கி, மேலே எழும் ஆவியைப் பிடித்துக் குளிரவைத்துச் சொட்டுச் சொட்டாகச் சேகரித்தார்கள். ஒரு பொருளிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் பிரிந்து மேலே போகிறதே, அது அதன் 'ஸ்பிரிட்' என்று பெயர் வைத்தார்கள். ஒயினிலிருந்து வந்தது 'ஸ்பிரிட் ஆஃப் ஒயின்'.

தமிழனுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. நம்மிடம் 'ஆவி' இருக்கிறது. இட்லிச் சட்டியில் எழுவதும் ஆவி, போனால் திரும்பாததும் ஆவி, நடுராத்திரி வருவதாகச் சொல்வதும் ஆவி. ஸ்பிரிட் ஆங்கிலத்தில் செய்கிற வேலையில் பெரும்பகுதியை ஆவி தமிழில் செய்கிறது. விவிலியத் தமிழில் 'பரிசுத்த ஆவி', 'தூய ஆவி' என்று வந்ததும் இதனால்தான். ஆவி செய்யாத ஒரே வேலை, சாராயத்தைக் குறிப்பது. அதற்கு நாம் தனிச் சொல் வைத்துக்கொண்டோம்.

இன்னொரு சுவாரஸ்யம். இந்த லத்தீன் சொல் தமிழ்நாட்டுக்குள் வந்தது சாராயக் கேனில் இல்லை, ஜெபத்தில். போர்த்துகீசியப் பாதிரியார்கள் காலத்துக் கத்தோலிக்கத் தமிழில் தூய ஆவிக்கு 'இஸ்பிரீத்து சாந்து' என்ற பெயர் புழங்கியது. ஆங்கிலேயர் வழியாக ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வருவதற்கு வெகு காலம் முன்பே அது வந்துவிட்டது.

ஒரு ஸ்பிரிட்டுக்கும் இன்னொன்றுக்கும் என்ன வித்தியாசம்?

இந்தச் சர்ச்சையைப் பின்தொடர நினைப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீங்க.

நொதிக்க வைத்த கழிவுப்பாகையோ, உடைந்த அரிசி மாவையோ வடித்தால் வருவது எத்தனால். அதில் சுமார் 95% அளவுக்குச் சுத்தப்படுத்தியது ரெக்டிஃபைடு ஸ்பிரிட். ஆய்வகம், மருந்து, ரசாயன ஆலை எல்லாவற்றுக்கும் இது போகும். இதையே இன்னும் வடித்து, வாடையும் கசடும் எடுத்துவிட்டு 96% ஆக்கினால் ஈ.என்.ஏ. எனப்படும் எக்ஸ்ட்ரா நியூட்ரல் ஆல்கஹால். 'நியூட்ரல்' என்றால் தனி ருசியோ மணமோ இல்லாதது. கடையில் கிடைக்கும் பிராந்தி, ரம், விஸ்கியில் பெரும்பாலானவற்றின் அடிப்படை இதுதான். தண்ணீர், நிறம், மணம், கொஞ்சம் மால்ட் ஸ்பிரிட்டோ கிரேப் ஸ்பிரிட்டோ சேர்த்தால் பாட்டிலில் பெயர் மாறிவிடும்.

பெட்ரோலில் கலப்பதற்கு 96% போதாது. சாதாரண வடிப்பில் ஒரு கட்டத்துக்கு மேல் எத்தனாலும் தண்ணீரும் பிரியாது. தனி முறையில் மிச்ச நீரையும் எடுத்து 99.5%க்குக் கொண்டுபோக வேண்டும். பங்குகளில் 'ஈ20' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதே, அதில் 20% அளவுக்குக் கலந்திருப்பது இதுதான். எலப்புள்ளிப் பட்டியலில் முதலில் இருக்கும் 'எத்தனால் ஆலை'யைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனால் வண்டிக்கும் போகலாம், வாய்க்கும் போகலாம்.

ஒரு சின்னக் கணக்கு. இந்தியாவில் விற்கும் சரக்குப் பாட்டில்களின் லேபிளில் 42.8% என்று இருக்கும். ஏன் இந்த விநோதமான எண்? பழைய பிரிட்டிஷ் அளவில் 'ப்ரூஃப் ஸ்பிரிட்' என்பது சுமார் 57.1% ஆல்கஹால். வெடிமருந்தில் இதை ஊற்றிப் பற்றவைத்து, எரிந்தால் தரம் நிரூபணம் என்று பார்த்ததாகச் சொல்லப்படும் காலத்து அளவு அது. அதில் 75 பங்கு எடுத்தால் 42.8. வெள்ளைக்காரன் போய் இத்தனை வருடம் ஆகியும் அவனுடைய வெடிமருந்துக் கணக்கு நம் லேபிளில் அப்படியே நிற்கிறது.

இப்போது 96% ஈ.என்.ஏ. ஒரு லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 960 மில்லி ஆல்கஹால். 750 மில்லி பாட்டில் ஒன்றில் இருப்பது 321 மில்லி. வகுத்தால் கிட்டத்தட்ட சரியாக 3. ஒரு லிட்டர் ஸ்பிரிட் என்றால் மூணு ஃபுல் பாட்டில். எல்லையில் ஏன் இவ்வளவு கேன்கள் பிடிபடுகின்றன என்பதற்கு இந்த வகுத்தலே பதில். 2021-ல் கேரள அரசு நிறுவனமான திருவல்லா திருவிதாங்கூர் சுகர்ஸ் அண்ட் கெமிக்கல்ஸுக்கு, அதாவது 'ஜவான்' ரம் தயாரிக்கும் ஆலைக்கு, வந்த டேங்கர்களில் சுமார் 20,000 லிட்டர் ஸ்பிரிட் வழியிலேயே விற்கப்பட்டதாக வழக்குப் பதிவானது. மூன்றால் பெருக்கினால் 60,000 பாட்டில்.

பாலக்காட்டுக்கு இன்னொரு கிளைக்கதையும் உண்டு. சித்தூர் வட்டாரத்தில் இறக்கும் கள் கேரளாவின் மற்ற மாவட்டங்களுக்கும் பெர்மிட்டோடு வண்டியேறுகிறது. கள்ளின் அளவைக் கூட்டவும் கிக் ஏற்றவும் ஸ்பிரிட் கலக்கிறார்கள் என்பது பல காலமாகத் தொடரும் குற்றச்சாட்டு. 'ஸ்பிரிட் வேட்டை'ச் செய்திகளில் பாதி இந்தச் சந்தேகத்தில்தான் முடியும். 2012-ல் ரஞ்சித் இயக்கத்தில் மோகன்லால் நடித்து 'ஸ்பிரிட்' என்றே ஒரு படம் வந்தது. குடிநோய் பற்றிய படம். மலையாள ரசிகர்கள் யாரும் அதைப் பேய்ப்படம் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

அப்போ விஷமாவது எந்த ஸ்பிரிட்?

தொழிலுக்குப் போகும் எத்தனாலுக்கு மது வரி கிடையாது, அதனால் மலிவு. மலிவான அந்த எத்தனாலை யாரும் குடித்துவிடக் கூடாது என்பதற்காகவே அதைக் கெடுத்து விற்பார்கள். கசப்புக்கு டெனட்டோனியம் பென்சோவேட், நாற்றத்துக்குப் பிரிடின், சில வகைகளில் மெத்தனால். கெடுத்ததற்குப் பெயர் டீநேச்சர்டு ஸ்பிரிட். மெத்தனால் சேர்த்தால் மெத்திலேட்டட் ஸ்பிரிட். தச்சுப் பட்டறையில் அரக்கைக் கரைத்து மேசைக்குப் பாலிஷ் ஏற்றுவது இந்த மாதிரி ஸ்பிரிட்டில்தான். தமிழ்நாட்டில் இதற்கென்று 1959-லேயே விதிகள் உண்டு. அவற்றின் பெயரிலேயே டீநேச்சர்டு ஸ்பிரிட், மெத்தில் ஆல்கஹால், வார்னிஷ், ஃபிரெஞ்சு பாலிஷ் என நாலும் வரிசையாக நிற்கின்றன. ஆட்சியாளர்கள் பாலிஷுக்கு ஏன் இவ்வளவு கவலைப்பட்டார்கள் என்றால், மதுவிலக்குக் காலத்தில் ஆட்கள் அதையும் குடித்தார்கள்.

மெத்தனால் தனி ரகம். மரத்தை மூடிச் சூடாக்கி வடித்ததால் ஆங்கிலத்தில் அதற்குப் பழைய பெயர் 'வுட் ஸ்பிரிட்'. பார்க்க எத்தனால் மாதிரியே தண்ணீர் நிறம், போதையும் வரும். உள்ளே போனதும் கல்லீரல் அதை ஃபார்மால்டிஹைடாகவும் ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றும். பார்வை நரம்பு முதலில் அடிபடும். 10 மில்லி கண்ணைப் பறிக்கலாம், 30 மில்லி உயிரை எடுக்கலாம் என்பது மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லும் அளவு. மோசமானது என்னவென்றால் இதெல்லாம் உடனே தெரியாது. பல மணி நேரம் ஒன்றும் ஆகாதது போல இருந்துவிட்டு, அப்புறம்தான் வயிற்று வலி, மங்கல், மூச்சு இரைப்பு. ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் போனால் ஃபோமெபிசோல் என்ற மாற்று மருந்தும் டயாலிசிஸும் காப்பாற்றும்.

கேரளாவில் 1996 ஏப்ரல் 1 முதல் சாராயத்துக்குத் தடை. அதற்குப் பிறகும் 2000-ல் கொல்லம் மாவட்டம் கல்லுவாதுக்கலில் மெத்தனால் கலந்த சாராயம் 31 பேரைக் கொன்றது. 2020 அக்டோபரில், வாளையார்–கஞ்சிக்கோடு பக்கம் செல்லங்காவு பழங்குடிக் குடியிருப்பில் 5 பேர் இறந்தார்கள். குடித்தது தொழிற்சாலைக்கான ஸ்பிரிட்டாக இருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது. இந்தப் பக்கம், 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் சேர்ந்து 20க்கும் மேற்பட்டோர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60க்கும் மேற்பட்டோர். இரண்டிலும் மெத்தனால்.

2023-ல் காவல்துறை இறந்தவர்கள் குடித்தது கள்ளச்சாராயம் இல்லை, ஆலைகளில் பயன்படும் மெத்தனால் என்ற விஷச்சாராயம் என்று விளக்கம் கொடுத்தது. வார்த்தையை மாற்றிப் பழியைத் தவிர்க்கப் பார்க்கிறார்கள் என்று அப்போது பலர் கோபப்பட்டார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் வேதியியல்படி அந்த வித்தியாசமும் உண்மையானது. கள்ளச்சாராயம் என்றால் காய்ச்சியவன் குற்றவாளி. மெத்தனால் என்றால் அது எந்த ஆலையின் பின்வாசல் வழியாக, யார் உரிமத்தில் வெளியே வந்தது என்ற கேள்வியும் சேர்ந்து வரும். 'ஸ்பிரிட் குடித்து சாவு' என்று எழுதும்போது இந்தக் கேள்வி காணாமல் போய்விடுகிறது. இந்த விஷயத்தில் நம்ம 'எரிசாராயம்' பரவாயில்லை. எரியும் என்ற எச்சரிக்கையாவது அந்தப் பெயருக்குள் இருக்கிறது.

சட்டம் எதை ஸ்பிரிட் என்கிறது?

கேரளாவில் இன்றும் அமலில் இருப்பது கொல்லம் ஆண்டு 1077-ஐச் சேர்ந்த அப்காரி சட்டம். நம் கணக்கில் 1902 வாக்கில். அந்தச் சட்டத்தில் வடித்து எடுத்த, ஆல்கஹால் உள்ள திரவம்தான் ஸ்பிரிட். விரிவான வலை அது.

வரி என்று வந்ததும்தான் அர்த்தம் கோடிகளாக மாறுகிறது. அரசமைப்புச் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 8ஆவது இனம் 'போதை தரும் மது' பற்றியது. தொழிலுக்கான ஸ்பிரிட் அதில் அடங்குமா? அடங்காது, குடிக்கத் தகுந்தது மட்டும்தான் மாநிலத்துக்கு என்று 1989-ல் 7 நீதிபதிகள் அமர்வு சொன்னது. பிறகு உத்தரப் பிரதேசம் டீநேச்சர்டு ஸ்பிரிட் வியாபாரிகளிடம் 15% கட்டணம் கேட்க, வழக்கு வளர்ந்து 9 நீதிபதிகள் அமர்வுக்குப் போனது. 2024 அக்டோபர் 23 அன்று 8:1 பெரும்பான்மையில் தீர்ப்பு புரண்டது. குடிக்க லாயக்கில்லாததும் 'போதை தரும் மது'தான், அதை ஒழுங்குபடுத்த மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு. நீதிபதி பி.வி. நாகரத்னா மட்டும் மாறுபட்டார். தொழிற்சாலை ஸ்பிரிட்டைத் திருப்பிவிட்டுக் குடிக்கக் கொடுக்கும் ஆபத்தை மாநிலங்கள் கண்காணிக்க வேண்டும் என்ற கவலை அந்த வழக்கில் நெடுக இருந்தது. கள்ளக்குறிச்சி நடந்து அப்போது நான்கு மாதம்.

ஜிஎஸ்டியிலும் இதே கோடுதான். மனிதர் குடிக்கும் மது ஜிஎஸ்டிக்கு வெளியே. அப்படியானால் மது தயாரிக்கப் போகும் ஈ.என்.ஏ.? 2017 முதல் இழுபறி. 2023 அக்டோபரில் கூடிய 52ஆவது ஜிஎஸ்டி கவுன்சில்தான், மதுவுக்குப் போனால் வெளியே, தொழிலுக்குப் போகும் ரெக்டிஃபைடு ஸ்பிரிட்டுக்கு 18% என்று பிரித்தது. டேங்கரில் இருப்பது ஒரே மாதிரி திரவம். போகும் இடம் எது என்பதை வைத்து வரி மாறுகிறது.

ஆபீஸிலும் கிரிக்கெட்டிலும்?

அங்கே விஷயம் சுலபம். 'டீம் ஸ்பிரிட்' என்றால் ஒற்றுமை, சில நேரம் சனிக்கிழமையும் வேலைக்கு வரச் சொல்வதற்கான நாசூக்கு. 'ஹை ஸ்பிரிட்ஸ்' என்றால் உற்சாகம். 'லெட்டர் அண்ட் ஸ்பிரிட்' என்றால் சட்டத்தின் சொல்லும் அதன் நோக்கமும்.

கிரிக்கெட்டில் மட்டும் கொஞ்சம் சூடு. எம்.சி.சி. தன் விதிகளுக்கு 2000-ல் 'ஸ்பிரிட் ஆஃப் கிரிக்கெட்' என்ற முகவுரை சேர்த்தது. 2019 ஐபிஎல்லில் ஜெய்ப்பூரில் அஸ்வின், பந்து வீசும் முன்பே கோட்டைத் தாண்டிய ஜாஸ் பட்லரை ரன் அவுட் செய்தபோது, விதிப்படி சரி, ஸ்பிரிட்படி தப்பு என்று உலகமே அவருக்குப் பாடம் எடுத்தது. 2022-ல் எம்.சி.சி.யே அந்த அவுட்டை 'நியாயமற்ற ஆட்டம்' பிரிவிலிருந்து எடுத்து 'ரன் அவுட்' பிரிவில் போட்டுவிட்டது. அர்த்தம் மங்கலான சொல்லை வைத்து ஒருவரைக் குற்றவாளியாக்கினால் இப்படித்தான் பின்னால் வரவேண்டியிருக்கும்.

கட்டட வேலையில் 'ஸ்பிரிட் லெவல்' உண்டு. குழாய்க்குள் எளிதில் உறையாத ஆல்கஹால் இருப்பதால் அந்தப் பெயர். நம்ம கொத்தனாருக்கு அது ரசமட்டம். உள்ளே இருப்பது பாதரசம் இல்லை என்பது வேறு விஷயம். ஆனால் 'ஸ்பிரிட்'டை விட மட்டம் என்ற சொல் வேலையைத் தெளிவாகச் சொல்கிறது.

எலப்புள்ளிக்குத் திரும்பினால்

அப்காரி என்ற சொல்லைப் பாருங்கள். பாரசீகத்தில் 'ஆப்' என்றால் தண்ணீர். அப்காரி என்றால் ஒரு வகையில் தண்ணீர் வேலை. விஸ்கி என்ற பெயர் கேலிக் மொழியில் 'உயிர் நீர்' என்பதிலிருந்து வந்தது. வோட்கா ரஷ்ய மொழியில் 'குட்டித் தண்ணீர்'. நாமும் 'தண்ணி அடிக்கிறான்' என்றுதான் சொல்கிறோம். மொழிகள் இதை ஆவி என்றும் நீர் என்றும் மாறி மாறி அழைத்திருக்கின்றன. எலப்புள்ளிக்காரர்களுக்கு முதலில் கவலை தந்தது இரண்டாவதுதான்.

அந்தக் கவலைக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. பெருமாட்டி பஞ்சாயத்தின் பிளாச்சிமடையில் கோகோ கோலா ஆலை 2000-ல் தொடங்கியது. நிலத்தடி நீர் குறைந்து கெட்டது என்று 2002 ஏப்ரலில் போராட்டம் தொடங்கி, 2004 மார்ச்சில் ஆலை நின்றது. இழப்பு 216 கோடி ரூபாய் என்று மாநில அரசின் உயர்நிலைக் குழு 2010-ல் கணக்கிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கான மசோதா 2011-ல் சட்டமன்றத்தில் நிறைவேறியும் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. இதைக் கண்ணால் பார்த்த வட்டாரத்தில், நிறுவனம் மழைநீரைச் சேமித்துக்கொள்ளும், மிச்சத்துக்குக் குடிநீர் வாரியம் இருக்கிறது என்று சொன்னால் சந்தேகம் வராமல் இருக்குமா? மலம்புழா அணைதான் பாலக்காடு நகரின் குடிநீர், நெல் வயல்களின் பாசனமும் அதுதான்.

அரசு சொன்னதிலும் காரணம் இல்லாமல் இல்லை. தூர மாநிலத்திலிருந்து டேங்கர் வரும் வழியெல்லாம் கசிவும் திருட்டும் நடக்கும் என்பதைத் திருவல்லா வழக்கே காட்டியது. உடைந்த அரிசியை எத்தனாலாக்கினால் ஒரு டன்னுக்குச் சுமார் 450 லிட்டர் கிடைக்கும் என்பது மத்திய அரசின் எத்தனால் திட்ட அறிக்கைகளில் இருக்கும் கணக்கு. எலப்புள்ளியிலிருந்து எட்டிய தூரத்தில் மேனோன்பாறையில், மூடிக்கிடந்த சித்தூர் சர்க்கரை ஆலை வளாகத்தில் அரசின் மலபார் டிஸ்டிலரீஸும் பிராந்திக்குத் தயாரானது.

ஆனால் 'கேரளாவுக்கு ஸ்பிரிட் வேண்டும்' என்ற ஒற்றை வரியில் இந்த விவாதம் முடியாது. பெட்ரோலுக்குப் போகும் 99.5% எத்தனாலா, பாட்டிலுக்குப் போகும் 96% ஈ.என்.ஏ.வா, பீப்பாயில் வருடக்கணக்கில் கிடக்கும் மால்ட் ஸ்பிரிட்டா? வாங்குபவர் எண்ணெய் நிறுவனம் என்றால் ஒரு சந்தை, ஒரு வரி. மதுக் கழகம் என்றால் இன்னொரு சந்தை, இன்னொரு வரி. ஒவ்வொன்றுக்கும் உற்பத்தி அளவு வேறு, லிட்டருக்கு ஆகும் தண்ணீர் வேறு, கழிவுநீர் வேறு. பீர் என்றால் பொருளே பெரும்பாலும் தண்ணீர். 600 கோடி என்ற மொத்தத் தொகை எல்லாத் தலைப்பிலும் வந்தது. எந்தப் பிரிவு நாளைக்கு எத்தனை லிட்டர் வடிக்கும், அதற்கு எத்தனை லிட்டர் தண்ணீர் இழுக்கும் என்ற இரண்டு பத்தி அட்டவணைதான் கிராம சபையில் முதலில் வைக்கப்பட்டிருக்க வேண்டியது.